பெய்ஜிங் தணிக்கையாளர்களுக்கு நாகையிலிருந்து

யான் லியான்கே என்ற ஒரே ஒரு நாவலாசிரியரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் சீனத் தணிக்கை அதிகாரிகளே, உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஹெனான் மாகாணத்து ஏழைக் குடியானவர்கள் ரத்தத்தை விற்று எய்ட்ஸ் வாங்கிவந்த கதையை அவர் 2006இல் நாவலாக்கினார். நீங்கள் பதறிப்போய்த் தடை போட்டீர்கள். உலகமே தேடிப் படித்தது. 2014இல் காஃப்கா விருதும் வந்து சேர்ந்தது. கத்துக்குட்டி வேலை! நாகைப் பக்கம் வாருங்கள், நாங்கள் சொல்லித் தருகிறோம்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். நாகை நீதிமன்றம் 1970இல் மிராசுதார்களுக்குப் பத்தாண்டுச் சிறை என்றது. உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெரும் நிலச்சுவான்தார்கள், அதிலும் கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். அடடா, தஞ்சாவூர் ஜில்லாவில் கார் வாங்கினால் கொலைப்பழியிலிருந்து விலக்கு!

காவிரி, கச்சேரி, கள்ளிச்சொட்டுக் காபி என்று எழுதிக் குவித்த எங்கள் டெல்டா இலக்கியத்தில், கும்பகோணத்துக்காரரான இந்திரா பார்த்தசாரதி வெண்மணியை எடுத்தார். டெல்லியில் உட்கார்ந்து எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது. தடை போட்டோமா? மூச்! 1977இல் சாகித்திய அகாதமி விருது கொடுத்தோம். யாரைத் தீ வைத்தவர் என்று நம்ப முடியவில்லையோ அவரை மையமாக வைத்த கதைக்கு ஒரு அரசாங்க மேடை, ஒரு சால்வை. சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் சண்டையே வராமல் பார்த்துக்கொண்டோம்.

நாவலிலும் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதில் வரும் பண்ணையாருக்கு ஆண்மைக்குறைவு. அந்தத் தாழ்வுமனம்தான் தீயாக மூண்டதாம். இடதுசாரிகள் அன்றே கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? நீதிபதி காரைப் பார்த்தார், நாவலாசிரியர் படுக்கையறையைப் பார்த்தார். வேலி வேலியாக நிலத்தை வளைத்துக்கொண்டு, உழுதவனைச் சேரியில் அடைத்த சாதியை இருவருமே விசாரணைக் கூண்டில் ஏற்றவில்லை.

ஆகவே அதிகாரிகளே, புத்தகத்தைத் தடை செய்யாதீர்கள். பரிசு கொடுங்கள், பாடத்திட்டத்தில் வையுங்கள், ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துங்கள். குற்றவாளியை மட்டும் தொடாதீர்கள். வெண்மணியை எழுதிய நாவலுக்கு விருது கிடைத்தது. வெண்மணியை எரித்ததற்காகத் தண்டனை நிலைத்த மிராசுதார் ஒருவர்கூட இல்லை.