காற்றுக்கு ஒரு பெட்டி

என் அக்கா மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். படிப்பு எப்படியோ, என் கார் டிக்கியைப் பற்றி அவனுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே மாமா" என்பான். சும்மா என்று அவன் சொல்வது மிளகு மூட்டையும் காபிக் கொட்டைச் சாக்கும் எங்கள் ஊரான ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கி, மாத மளிகையாக மாறித் திரும்பி வரும் இடத்தை. அங்கே அடிநாதத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர், அதாவது சப் ஊஃபர், உட்கார வேண்டும் என்பது அவன் கனவு.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். கார்க் கதவில் கம்பெனியே வைத்துத் தரும் ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்தில் மூச்சு முட்டிவிடும். இத்தனை வருஷமாகப் பாட்டின் பாதியைத்தான் காரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மருமகன் சொன்னதும், பாதிக் காசைத் திருப்பி வாங்க வேண்டும் போல இருந்தது.

சேலத்தில் கார் சாமான் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் ஒரு பெட்டியைத் தட்டி, "மூவாயிரம் வாட்ஸ் சார். கண்ணாடி தெறிக்கும்" என்றான்.

"தெறிச்சா யாருப்பா மாத்தித் தருவா?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் யானை அளவு எழுத்தில் 3000; பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் ஆர்.எம்.எஸ். 350. முதல் எண் கண் சிமிட்டும் நேரத்துக்கு, இரண்டாவது எண் நாள் முழுக்க. கார் பேட்டரி 12 வோல்ட். மூவாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 250 ஆம்பியர். நம் சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் நூறைத் தொடுவதே பெரும்பாடு. அந்த மூவாயிரம் உண்மையாக இருந்தால், ஒவ்வொரு தாளத்துக்கும் ஹெட்லைட் கண்ணை மூடி மூடி ரசித்திருக்கும். மலைப்பாதையில் ராத்திரி நேரத்தில் நமக்கு அந்த ரசனை வேண்டாம்.

வாட்ஸைவிட முக்கியமான எண்கள் பக்கத்திலேயே இருந்தன: எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். இந்த ஊஃபர் எந்த அளவுப் பெட்டிக்குள் ஒழுங்காக வேலை செய்யும் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையையும், சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதியவற்றையும் வைத்துத்தான் உலகம் முழுக்க இன்றைக்கும் பெட்டிக் கணக்கு போடுகிறார்கள். கியூ.டி.எஸ். 0.4க்கு மேலே 0.7 வரை இருந்தால் மூடிய பெட்டிக்குச் சம்மதம் என்று பொதுவாகக் கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் ஓட்டை வைத்த பெட்டியைத் தேடும். வரன் பார்க்கும்போது இப்படி மூன்று எண்ணைக் கையில் கொடுத்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

பத்து அங்குல ஊஃபர் ஒன்றை வாங்கினோம். பெட்டி இல்லாமல், தனியாக. இங்கேதான் வீட்டில் சிக்கல்.

"ஸ்பீக்கர் வாங்கியாச்சில்ல, அப்புறம் எதுக்குத் தனியாப் பெட்டி?" என்றாள் மனைவி.

விளக்கினேன். ஊஃபரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே உறிஞ்சும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை அடைத்து வைத்தால்தான் அடிநாதம் வெளியே வரும்.

"சரி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன வைப்பீங்க?"

"காத்து."

"காத்த வைக்கவா இவ்வளவு செலவு?"

அவள் கேலியாகக் கேட்டாலும் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. மூடிய பெட்டியில் காற்றுதான் ஸ்பிரிங். 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதை வைத்துத்தான் அலமாரியில் அடங்கும் ஸ்பீக்கரிலிருந்து ஆழமான பேஸை வரவழைத்தார். இடம் அதிகமானால் ஸ்பிரிங் தொளதொள. குறைந்தால் விறைப்பு, ஒரே சுருதியில் 'டொம் டொம்'. கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் பெட்டிகள் யாருக்கோ தைத்த சட்டை. நம் ஊஃபர் கேட்டது முக்கால் கன அடிக் காற்று. அதைத்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆசாரி கதவு, கட்டில், கோயில் சப்பரம் எல்லாம் செய்தவர். விஷயத்தைக் கேட்டதும், "எஸ்டேட்லயே சில்வர் ஓக் கிடக்கே, அறுத்துப் போட்டுரலாம்" என்றார். இந்த மலையில் காபிக்கு நிழலும் மிளகுக்கொடிக்குக் கொம்பும் சில்வர் ஓக்தான், ஆனால் பெட்டிக்கு ஆகாது. ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கி மூட்டு விட்டுவிடும். மருமகன் எம்.டி.எஃப். பலகை என்றான். சமவெளியில் அது சரி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் கதவைத் தட்டாமல் உள்ளே வரும் ஊரில், அதன் ஓரங்கள் ரஸ்க் மாதிரி ஊறிவிடும். கடைசியில் ஆசாரியே தீர்ப்புச் சொன்னார்: "710 பிளைவுட் போட்டுருவோம். ஆறு நூல்." படகுக்கும் தாங்கும் தரத்துக்கு இந்தியத் தரநிலை (ஐ.எஸ்.) கொடுத்த எண் 710. எங்கள் ஊரில் ஏரி இருப்பதால் பொருத்தமும்தான்.

"அளவு உள்ளளவா வெளியளவா?" என்று அடுத்துக் கேட்டார். அந்தக் கேள்விக்கே அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். வெளியே ஓர் அடிக் கனசதுரமாகச் செய்தால் ஒரு கன அடி கிடைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆறு நூல் பலகை ஒவ்வொரு பக்கமும் தின்றபின் உள்ளே மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்குதான். ஊஃபரின் காந்தம் வேறு அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

மருமகன் ஓட்டைப் பெட்டிக்குக் கடைசிவரை வாதாடினான். அதே ஊஃபர் அதில் கூடுதலாக முழங்கும் என்பது உண்மை. வெறும் பாட்டில் வாயில் ஊதினால் வரும் ஒலியின் தத்துவம்தான். ஆனால் பெட்டி பெரிதாகும், குழாயின் நீளம் பிசகினால் சுருதி பிசகும், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் டிக்கியில் மிளகு போகிறது. ஒரு மூட்டை லேசாகப் பிரிந்தால் போதும், குழாய்க்குள் கால் கிலோ மிளகு இறங்கி எல்லாப் பாட்டுக்கும் கஞ்சிரா வாசிக்கும். மூடிய பெட்டியே முடிவானது.

ஃபெவிகால், ஸ்குரூ, உள்மூலைகளில் சிலிக்கான். பிறகு ஆசாரி ஊதுபத்தி கொளுத்தி, ஊஃபர் குதிக்கும்போது மூட்டு மூட்டாகப் புகையைக் காட்டிக்கொண்டு போனார். பூஜை என்று நினைத்து மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புகை அசைந்த இடத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஒரு மூலையில் அசைந்தது, இன்னொரு கோடு சிலிக்கான் போட்டார்.

பெட்டியை டிக்கித் தளத்தோடு எல் கிளாம்ப் போட்டு முறுக்கியது மிக அவசியமான வேலை. சேலம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கட்டாத பெட்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கச் சுவரை விசாரித்துவிட்டு வரும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் தடித்த ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளியே ஃபியூஸ் போட்டோம். அது இல்லாவிட்டால், ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொடும் நாளில் கார் எரியும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் அற்புதமாகக் கேட்ட பேஸ், மேலே வரவர மங்கியது. மருமகன் ஆம்ப்ளிஃபையரைக் குடைந்தான். எச்சில் விழுங்கச் சொன்னேன். காது திறந்தது, பேஸும் வந்தது. உயரம் ஏறும்போது செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் மாறுபட்டால் முதலில் அடிபடுவது அடிநாதம்தான். ஆம்பைத் தொடுவதற்கு முன் ஒரு கொட்டாவி விட்டுப் பாருங்கள், செலவில்லை.

வார இறுதியில் எங்கள் ஊர் ஒண்டிக்கடைப் பக்கம் வரும் சில கார்களில் பாட்டே கேட்பதில்லை, நம்பர் பிளேட் மட்டும் பாடுகிறது. குரலைக் கண்ணாடி தடுத்துவிடும். பேஸைத் தகரம் தடுக்காது. உங்கள் பாட்டு உங்களுக்கு, இடி மட்டும் எங்களுக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிக்கூடம். எஸ்டேட் ரோட்டில் காட்டெருமைகளும் நடமாடுகின்றன. நல்ல பெட்டி கட்டியவருக்குக் குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். ஆகவே ஏற்காட்டுக்கு வாருங்கள், பாட்டோடு வாருங்கள். ஏரியைத் தாண்டும்வரை மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.