மேசையும் மூலையும்: தாம்பரம் வட்டார அலுவலகங்களில் ஃபெங்சுயி குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

அலுவலகத்தில் ஒருவர் வளர்வதும் தேய்வதும் அவர் மேசை கிடக்கும் திசையைப் பொறுத்தது என்பது ஃபெங்சுயி வல்லுநர் கொள்கை. சீனத்தில் பிறந்த அந்தக் கொள்கை ஜி.எஸ்.டி. சாலையில் செல்லுமா என்பதை ஆராய எழுந்தது இக்கட்டுரை. இதன் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், மேற்கே முடிச்சூர், கிழக்கே மேடவாக்கம். நடுவே 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். கேட்போர், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு வலி கண்டோர். பயன், அப்ரைசலுக்கு முந்தைய இரவில் நல்ல தூக்கம்.

திசை இயல்

முதல் இடர் திசைகாட்டியிலேயே தொடங்குகிறது. கிண்டியிலிருந்து தாம்பரம் வரும் ஜி.எஸ்.டி. சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடுகிறது. 1931 முதல் மின்ரயில் ஓடும் தண்டவாளமும் அதற்குத் துணையாகச் சாய்கிறது. எனவே சாலையைப் பார்த்த கட்டடங்கள் வடமேற்கையோ தென்கிழக்கையோ பார்க்கின்றன. கிழக்கோ வடக்கோ பார்த்து உட்காரவேண்டும் என்னும் நம்மூர் வாஸ்து விதியைப் பிடிவாதமாகக் காப்பவர், பக்கத்து இருக்கைக்காரரின் காதைப் பார்த்தபடிதான் டைப் அடிக்கவேண்டும்.

இரண்டாம் இடர், இரு சாஸ்திரங்களின் சண்டை. ஃபெங்சுயிக்குத் தென்கிழக்கு மரத்தின் இடம், செல்வ மூலை. அங்கே செடி வைக்கவேண்டும். வாஸ்துவுக்கு அதுவே அக்னி மூலை. அங்கே அடுப்பு வைக்கவேண்டும். இரண்டையும் நம்பும் நிர்வாகம் காபி மெஷினையும் மணி பிளான்ட்டையும் ஒரே மூலையில் குடிவைக்கிறது. ஆவி பட்டு இலை கருகினால் தோற்றது எந்த சாஸ்திரம் என்பதற்கு விதி இல்லை. வாஸ்து, மேலாளரைத் தென்மேற்கில் அமர்த்தச் சொல்கிறது. ஃபெங்சுயியில் அந்த மூலை காதலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. அந்த அறைக்குள் போய் வருவோர் முகத்தில் அப்படி ஒரு பலன் தென்படுவதில்லை.

நீர் அருகிருந்தால் செல்வம் சேரும் என்றும் சொல்வர். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூர்த் தரைத்தளங்களுக்குள் வந்தது, சேர்ந்தது சேறு. ஆதலின் அவ்விதி இவ்வட்டாரத்துக்கு விலக்கு.

மறுப்பு இயல்

இனி இக்கலையின் தலையாய விதி. முதுகுக்குப் பின்னே கெட்டியான சுவர், கண்ணுக்கு எட்டும்படி வாசல், ஆனால் வாசலுக்கு நேர் எதிரில் இல்லாத இடம்: இதுவே அதிகார இருக்கை, இதில் அமர்ந்தவர் அதிகாரம் பெறுவார் என்பர் ஒரு சாரார். அற்றன்று. என்னை? அதிகாரம் பெற்றவருக்குத்தான் அந்த இடமே ஒதுக்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது முதுகுப்புறம் நடைபாதை, உச்சந்தலையில் ஏசி, இடப்பக்கம் பிரின்டர். திரும்பி உட்காரலாமே எனின், மேசை அண்டை மேசைகளோடு சேர்த்துத் திருகப்பட்டது. கேபிள் அடுத்த மேசைக்கு எட்டாது. அட்மின் அனுமதியும் வேண்டும். இருக்கையால் பதவி வருவதில்லை, பதவியால் இருக்கை வருகிறது. மேசையை மாற்றச் சொன்னவர்கள் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவிட்டார்கள்.

பெரிய இடத்துச் சான்றும் இதையே சொல்கிறது. ஹாங்காங்கில் ஐ.எம். பெய் வடிவமைத்து 1990-இல் திறந்த பாங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் கூர்முனைகள் அக்கம்பக்கத்தைக் குத்துவதாகவும், அதற்கு எதிராகவே எச்.எஸ்.பி.சி. வங்கி தன் மாடியில் பீரங்கி போன்ற கிரேன்களை நிறுத்தியதாகவும் அந்நகரில் ஒரு பேச்சு உண்டு. வங்கியாக இருந்தால் கிரேன் வைக்கலாம். கிழக்குத் தாம்பரத்தில் தெருக்குத்துக்கு ஒரு பிள்ளையார், திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய், அவ்வளவுதான் பட்ஜெட்.

பொருள் இயல்

மேசையை அசைக்க முடியாதவருக்கு எஞ்சுவது மேசையின் மேற்பரப்பு. அங்கேதான் வியாபாரம் நுழைகிறது. வாயில் காசு கவ்விய மூன்றுகால் தவளை, சிரிக்கும் புத்தர், கண்ணாடிக் குவளையில் 'லக்கி பாம்பூ'. கடைசியாகச் சொன்னது மூங்கிலே அன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிராசீனா வகை. ஆப்பிரிக்கச் செடி சீனப் பெயரால் சேலையூர்க்காரருக்கு இன்கிரிமென்ட் வாங்கித் தரவேண்டும் என எதிர்பார்ப்பது செடியின் மீது சுமத்தும் கொடுமை.

முடிபு

ஃபெங்சுயி தெற்குப் பார்த்த வாசலைப் புகழ்வதற்குக் காரணம் உண்டு. சீனத்தின் வடபுலத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வரும். குளிர்கால வெயில் தெற்கிலிருந்து விழும். 13 பாகை அட்சரேகையில் வாழும் நமக்கு வெயிலைத் தேடிப் போகும் தேவை என்றுமே வந்ததில்லை. இவ்வட்டார அலுவலகங்களின் மெய்யான திசைகள் இரண்டே: ஏசி வீசும் திசை, பிளக் பாயிண்ட் உள்ள திசை. முன்னது அட்மின் கையில். பின்னதை மட்டும் நாம் நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆகவே தவளைக்கு எடுத்து வைத்த காசில், வாசகர்களே, நீளமான வயர் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.