லோடு, காலி, தூக்கம், அத்தை

மாமா ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்குமாக நடையடிக்கிற வண்டி. அதில் செருகியிருக்கும் பென்டிரைவில் 1,800 பாட்டு, 4 ஃபோல்டர். லோடு இருந்தால் மெலடி, காலி வண்டிக்குக் குத்துப்பாட்டு. ‘தூக்கம்’ என்பது தூங்காமல் இருக்க. அத்தை ஏறினால் முருகன் பாட்டு மட்டும்.

படித்தவன் நான் சும்மா இருப்பேனா?

“என்ன மாமா, மளிகைக் கடைச் சிட்டை மாதிரி? மியூசிக் டைரக்டர் பேர்ல போடணும்.”

போட்டேன். ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்து கழுத்தைப் பிடித்தது. 1986இல் விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். யார் வீட்டில் வைப்பது? சரி, படத்தின் பேரில் போடலாம் என்றால், 1980 ‘பில்லா’வும் 2007 ‘பில்லா’வும் ஒரே ஃபோல்டருக்குப் பட்டா கேட்டன.

அப்போதுதான் எனக்கு டேக் ஞானம் பிறந்தது. பாடியவர், படம், ஆண்டு எல்லாவற்றையும் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாம். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3யின் வாலில் 128 பைட்டைக் கட்டிவிட்டதில் ஆரம்பித்த ஏற்பாடு. தலைப்புக்கு 30 பைட், கலைஞருக்கு 30, வகைக்கு ஒன்றே ஒன்று. வகைப் பட்டியலில் போல்கா உண்டு. தெம்மாங்கு, ஒப்பாரி கிடையாது. அந்தப் பழைய டேக்கில் தமிழை யூடிஎஃப்-8 முறையில் நுழைத்தால் புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனியாக 3 பைட் தின்னும். இளையராஜா 24இல் அடங்கிவிடுவார். விஸ்வநாதனுக்குச் சரியாக 30. அவரோடு ஜோடியாக இசையமைத்த ராமமூர்த்தி வெளியே நிற்க வேண்டியதுதான். 1965இல் பிரிந்தவர்களை மறுபடி பிரிக்கிற பாவம் நமக்கெதற்கு? நல்லவேளை, பிறகு வந்த டேக்கில் இடம் தாராளம்.

ஆனால் டேக்கைத் திறந்தால், பாடியவர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதளம் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. 1,800 பாட்டையும் ஒருவரே பாடியிருந்தார். பெண் குரலிலும் அவரே. பெயர் டாட் காம் என்று முடிந்தது.

4 ராத்திரி கண்விழித்துத் திருத்தினேன். இனி ஃபோல்டர் எதற்கு? எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கொடுத்தேன். மாமா பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

லாரியின் செட்டுக்கு டேக் என்றால் என்னவென்றே தெரியாது என்பது எனக்கும் அப்போது தெரியாது. அதன் சின்ன ஜன்னலில் நம்பர் மட்டும்தான் ஓடும். ஃபோல்டர் பட்டனை எத்தனை தட்டு தட்டினால் எந்தப் பாட்டு என்பது மாமாவின் கட்டைவிரலுக்குப் பாடம். எங்கள் பக்கத்து மண்ணில் கடல் இருந்த காலத்துச் சிப்பிகள் கோடிக்கணக்கான வருஷமாக அடுக்குக் கலையாமல் கிடக்கின்றன. மாமாவின் அடுக்கு என்னிடம் 4 நாள் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. “மாப்ள, குலசாமி கோயிலுக்குப் போயிக்கிட்டிருக்கோம். அத்தை பக்கத்துல இருக்கா. எதை அமுக்குனாலும் குத்துப்பாட்டாவே வருது. நாலாவது ஃபோல்டர் எங்கடா?”

பின்னால் அத்தையின் குரல் கேட்டது: “தெனம் இதைத்தான் கேட்டுக்கிட்டுப் போறீங்களா?”