வெத்து எடத்துக்கு வெட்டுக்குத்தா?

வா தம்பி, திண்ணையில குந்து. 14 கிலோமீட்டர் கிரிவலத்துல ஆதி அண்ணாமலை வரைக்கும் வந்துட்ட, காலு கெஞ்சுதா? கெஞ்சட்டும். அது கெடக்கட்டும், இத்த சொல்லு. சென்னையில இருந்து ஆறு பேரு ஒரே வேன்ல வந்தீங்களே, ரெண்டு பேரு முன்னால ஓடறான், ரெண்டு பேரு பின்னால மொறைச்சிக்கினு வர்றான். இன்னா சண்டை?

கம்ப்யூட்டர் கோடுல டேப் வெக்கிறதா, ஸ்பேஸ் வெக்கிறதான்னா?

அடப்பாவி! ரெண்டும் வெத்து எடந்தானடா? எங்கூருல பங்காளிங்க வரப்புக்கு அடிச்சிக்குவானுங்க. அதுலயாச்சும் புல்லு மொளைக்கும்.

இதுல 'எங்க டீம் ஒரே குடும்பம் தாத்தா'ன்னு பெருமை வேற. ஒங்க சிரிப்பு ஒங்களுக்குத்தான் புரியும், ஒங்க கோடும் ஒங்களுக்குத்தான் புரியும். புதுசா சேந்த பொண்ணு 'இத்த எப்படி ஓட்டறது, எங்க எழுதி வெச்சிருக்கு?'ன்னு கேட்டா, 'எங்களுக்கே தெரியுமே, எழுதுவானேன்?'ங்கறீங்க. ஒங்களுக்குத் தெரியும், செரி. அவளுக்கு?

இது புது நோவுன்னு நெனைக்காத. கம்ப்யூட்டர்ல தமிழ் வந்த காலத்துலயே ஆளுக்கொரு எழுத்துரு, கூட்டத்துக்கொரு குறியீடு. இவன் 'அம்மா'ன்னு அடிச்சி அனுப்புனா, அவன் பொட்டியில கொக்கியும் கோடுமா தொறக்கும். 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி, எல்லாரும் ஒண்ணாவோம்னாங்க. முடிவுல டாம்னு ஒரு குறியீடு, டாப்னு ஒரு குறியீடு! ஒண்ணாவறதுக்குக் குந்தி ரெண்டா எழுந்த கூட்டத்த வேற எங்கயாச்சும் கண்டியா? டிஸ்கின்னு இன்னொண்ணு அது பாட்டுக்கு ஓடுச்சி. யூனிகோடுல தமிழு 1991லயே எடம் புடிச்சிருச்சி. தமிழ்நாட்டு அரசு அத்த ஏத்துக்க 2010 ஆச்சி. அப்பவும் தொணைக்கு டேஸ்16னு ஒண்ணு! அந்த 1999 மாநாட்டுல ஒத்துப்போயி முடிவு பண்ணுனது தமிழ்99 விசைப்பலகை. இன்னிக்கும் ஜனங்க அதுல அடிக்கிறாங்களா இல்லியா?

வெள்ளக்காரன் மட்டும் யோக்கியமா? ஜிசிசின்னு ஒரு கம்பைலர். வெளியாளு எழுதித் தந்தத்த சேத்துக்க உள்ளாளுங்களுக்கு லேசுல மனசு வரல. பொறுக்காதவங்க 1997ல ஈஜிசிஎஸ்னு தனிக்குடித்தனம் போனாங்க. 1999ல அதுவே அசல் ஜிசிசின்னு ஒத்துக்க வேண்டியதாப் போச்சி. லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸு கோடு சரியில்லன்னா ஆளையே வறுத்தெடுப்பாரு. 2018 செப்டம்பர்ல அவரே மன்னிப்பு கேட்டு, கொஞ்ச நாளு ஒதுங்கிக் குந்தினாரு. அம்மாம் பெரிய ஆளே எறங்கி வந்தாரு. ஒனக்கு இன்னாடா கிரீடம்?

கேட்டுக்க. தெரிஞ்சத்த எழுதி வை. நீ லீவுல போனா வேலை நிக்கக் கூடாது. கொறை சொல்லணும்னா கோட சொல்லு, எழுதுனவன் புத்திய சொல்லாத. டேப்பா ஸ்பேஸான்னு ஒரு தபா முடிவு பண்ணி, மிஷினு கையில வுட்டுடு. மிஷினுக்கு ரோஷம் கெடையாது. திங்கக்கெழம போனதும் மொத வேலையா, அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லு.