எழுந்திராத கதாநாயகன்

வீட்டில் தலைக்குமேல் வேலை கிடக்கும்போது படிப்பதற்கென்றே சில நாவல்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அவற்றுள் தலைசிறந்தது, ருஷ்ய ஆசிரியர் இவான் கொன்சரோவ் 1859-இல் வெளியிட்ட 'ஒப்லோமோவ்'. வேகமே நாவலுக்கு லக்ஷணம் என்று கருதும் அன்பர்கள் இதன் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். தலைவைத்துப் படுக்கும் காரியத்தைக் கதாநாயகனே பூரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டான்.

மகசூல் குறைந்துவிட்டதென்று கிராமத்து மணியக்காரன் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். பீட்டர்ஸ்பர்க் வீட்டையோ சொந்தக்காரன் காலி செய்யச் சொல்கிறான். இவ்விரண்டு ஆபத்துக்களையும் பற்றித் தீர்க்காலோசனை செய்யும்பொருட்டுக் காலையில் கண்விழித்த அந்த மகானுபாவன், கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே இறக்கி, உடனே மறுபடியும் மேலே எடுத்துக்கொள்கிறானே, அந்த இடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதைப்போல் எந்தத் துப்பறியும் நாவலிலும் அடித்துக்கொண்டதில்லை. எழுதத்தான் உட்கார்ந்தாலும், மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தால் மை வராது, ஈ பறக்கும். தூசியைத் துடைக்காத வேலைக்காரன் ஸகாரோ, மூட்டைப்பூச்சியை நானா சிருஷ்டித்தேன் என்று சாஸ்திரோக்தமாக வாதாடுகிறான். அன்று மே மாதம் முதல் தேதி. ஊரெல்லாம் உல்லாசப் பிரயாணம் போகிற நாள். சிநேகிதர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அழைக்க, அவர்களைக் குளிரோடு கிட்டே வராதீர்கள் என்று தடுத்து, ஒரே நாளில் பத்து வீடுகளுக்குப் போகவேண்டிய ஒருவனுக்காக மனப்பூர்வமாகப் பரிதாபப்படுகிறான் நம்மவன். இவ்வாறே, நான்கு பாகங்களில் முதற்பாகம் பூராவும் நடந்தேறுகிறது; நடந்தேறுகிறது என்று சொல்வது மரியாதைக்காக.

நான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இதில் ஆழ்ந்திருந்தபோது காப்பி கொண்டுவந்த என் மனைவி, கதை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள், "அவனாவது எழுந்திருந்தானா?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆசிரியரும் அவசரக்காரர் அல்லர். 'ஒப்லோமோவின் கனவு' என்ற அத்தியாயம் 1849-இலேயே அச்சேறிவிட்டது. மிச்சத்துக்கு வாசகர்கள் பத்து வருஷம் காத்திருந்தார்கள். இடையில் அவர் 'பல்லாடா' என்னும் போர்க்கப்பலேறி ஜப்பான்வரை போய்வந்தார். பின்னர் 1857-இல், உடம்பைத் தேற்றிக்கொள்ள மரியன்பாத் ஊற்றுநீர் குடிக்கப் போன இடத்தில், இந்த மகா சோம்பேறியின் சரித்திரத்தில் பெரும்பகுதியைச் சில வாரங்களுக்குள் மூச்சுவிடாமல் எழுதித் தள்ளினாராம்!

நாவல் வெளிவந்த வருஷமே விமர்சகர் தோப்ரொல்யூபோவ், இது ஒரு மனிதனின் சோம்பல் அன்று, பண்ணையடிமைகளின் உழைப்பில் உண்டு வளர்ந்த ஒரு வர்க்கத்தின் வியாதி என்று எழுதினார். நியாயமான தீர்ப்புத்தான், முந்நூற்றுச் சொச்சம் குடியானவர்கள் நின்றுகொண்டிருந்ததனால் அல்லவோ அவன் ஒருவன் படுத்திருக்க முடிந்தது! ஆனால் ரஸனை என்பது நியாயஸ்தலத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அவனைத் திருத்துவதற்கென்றே வருகிற ஸ்டோல்ஸ் என்ற நண்பன் சுறுசுறுப்பின் அவதாரம். தேசதேசாந்தரம் சுற்றுகிறவன், பணம் சேர்ப்பவன், ஒழுங்கு தவறாதவன். அந்தப் புண்ணியவான் பேசத் தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வருகிறது. தூங்குகிறவன் வரும் பக்கங்களிலோ நான் ஒருபோதும் கண்ணயர்ந்ததில்லை.