கூர்ம விசாரம்

டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் சிருஷ்டித்த மத்திய பூமியில், மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் ஹாபிட்டாகவும் மற்றொருவர் குள்ளராகவும் வேஷம் பூண்டு, பகடையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கதையாடுதற்கு உகந்த விதிநூல் யாது என்னும் வினா, உலகம் தோன்றிய நாள் முதலாக அறிஞரை வருத்தி வருவது. உலகம் தோன்றிய நாள் என்று யாம் குறித்தது 1974-ஆம் ஆண்டை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சேறியது அப்போதுதான். அதிலிருந்த ஹாபிட், உரிமை கொண்டோரின் ஆட்சேபத்தால் பின்னர் ஹாஃப்லிங் ஆனமை பெயர் மாற்றமேயன்றிப் பொருள் மாற்றம் அன்று என்பது எம் துணிபு.

விதிநூல், முதல், வழி, சார்பு என மூவகைப்படும். மேற்கூறிய முதனூலை உரைகல்லாகக் கொண்ட ஒருவர், 1977-இல் தி டிராகன் இதழில், காண்டால்ஃப் காட்டிய வித்தைகளையெல்லாம் எண்ணிப் பார்த்து, அம்முனிவர் ஐந்தாம் படி மந்திரவாதியே என்று நிறுவினார். கவியின் மேதையை அவன் ஆண்ட அருஞ்சொற்களை எண்ணி அளக்கும் நம் ஆராய்ச்சியாளரிடம் அவர் பாடம் கேட்டிருத்தல் வேண்டும்.

சார்புநூல் 2016-இல் வந்த அட்வென்சர்ஸ் இன் மிடில்-எர்த். நல்ல நூல்.

வழிநூலாவது, அயர்ன் கிரௌன் எண்டர்பிரைசஸ் தனது ரோல்மாஸ்டர் என்னும் பெருநூலைச் சுருக்கி 1984-இல் வெளியிட்ட மெர்ப். அதன் அட்டவணைகளுக்குள் புகுந்த காவிய வீரன் கணக்கப்பிள்ளையாய் வெளிவருவான். எனினும், அடி பிசகியவனுக்கு நேரும் அபத்தங்களை அம்மரபு வரிசைப்படுத்துமிடத்து, அவன் கண்ணுக்குப் புலப்படாததும் கற்பனையானதும் உயிர் நீத்ததுமாகிய ஓர் ஆமையின்மேல் தடுக்கி விழுவதாக ஒரு விதி உண்டு. ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

இல்பொருளுக்கு முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் ஆமை மயிரையும் காட்டிய தார்க்கிகர், மயிரை மறுத்தனரேயன்றி ஆமையை மறுத்திலர். இங்கோ ஆமையே இல்லை. இல்லாத ஆமை இறப்பது யாங்ஙனம்? இறந்ததெனின், பிறந்தது எப்போது? கற்பனை ஆமை எவர்க்கும் புலப்படாதாகலின் ‘புலப்படாத’ என்பது வெற்றடை என்பர் ஒரு சாரார். அற்றன்று, கற்பித்தவனுக்குப் புலப்படுமாதலின் அது பிறிதினியைபு நீக்க வந்தது என்பர் மற்றொரு சாரார். ‘இறந்த’ என்பது ஏடெழுதுவோர் பிழை, ‘இரந்த ஆமை’ என்பதே சுத்த பாடம் என்பர் மூன்றாம் சாரார். மூன்றாம் சாரார் என்பது யாமே. மூலம் ஆங்கிலத்தில் இருப்பது இக்கொள்கைக்குத் தடையாகாது. கறையான் தின்ற ஓர் ஏட்டில், கறையான் தின்ற அப்பக்கத்திலேயே இதற்குச் சான்று இருந்ததாக, அக்கறையானை நேரில் அறிந்த பெரியவர் ஒருவர் எமக்கு அருளியிருக்கிறார்; அவர் பெயரையும் கறையான் தின்றுவிட்டது.

இம்மூவகையிலும் அடங்காத நான்காவது ஒன்றை மறந்தோம். 2011-இல் வந்த தி ஒன் ரிங், பன்னிரு முகப் பகடையின் ஒரு முகத்தில் சௌரானின் கண்ணையும் இன்னொரு முகத்தில் காண்டால்ஃபின் எழுத்தையும் பொறித்து, வழிநடைச் சோர்வையும் மனத்தில் படியும் நிழலையும் எண்ணிலே கொணர்ந்தது. மத்திய பூமிக்கு உகந்த நூல் இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இதில் ஆமை இல்லை.

ஆகவே, சென்ற ஞாயிறன்று நண்பர் நால்வரோடு அமர்ந்து மெர்ப்பையே விரித்தோம். இரவு 11 மணிவரை எண்களை நிரப்பியும், ஷயரை விட்டு எவரும் இன்னும் புறப்படவில்லை.