சொற்பொழிவு என்றொரு கச்சேரி

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் அழையா விருந்தாளியாக வந்து, கிளம்பும் பேச்சையே எடுக்கவில்லை. ஊரே வாயடைத்துக் கிடந்தபோது, பிராக் நகரில் மிலான் ஹ்லாவ்ஸா என்ற பதினேழு வயதுப் பையன் கூட்டாளிகளோடு ராக் குழு ஆரம்பித்தான். பெயர் 'தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்'. அதில் பாதி, அமெரிக்காவின் ஃபிராங்க் ஜாப்பா பாட்டிலிருந்து சுட்டது.

பையன்களுக்கு அரசியலே கிடையாது. முடி நீளம், சத்தம் அதிகம், அவ்வளவுதான். சாக்ஸபோனும் வயலினும் ஒன்றையொன்று துரத்தும் அந்தச் சங்கீதத்தைக் கேட்டால் புரட்சி வராது, தலைவலி வரலாம். அரசு கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் கல்யாணம், குழந்தை என்று குழு தானாகவே கலைந்திருக்கும். சும்மா இருப்பது சர்வாதிகாரிகளுக்கு வராத கலை.

1970இல் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். அரசு கொடுத்திருந்த கருவிகளும் போயின. பையன்கள் காட்டில் மரம் வெட்டிக் காசு சேர்த்தார்கள். மேடைக்கு வழி கண்டுபிடித்தவர் ஈவான் யிரௌஸ். படித்தது கலை வரலாறு, பட்டப்பெயர் 'கிறுக்கன்'. கச்சேரிக்குத்தானே லைசென்ஸ்? சொற்பொழிவுக்கு வேண்டாமே! அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றிய உரை என்று மண்டபம் பிடிப்பார். நாலு ஸ்லைடு காட்டி, நாலு வார்த்தை பேசுவார். வார்ஹோல் வளர்த்த குழு எப்படி வாசித்தது என்பதற்கு இதோ ஓர் உதாரணம் என்று கை காட்டுவார். உதாரணம் இரண்டு மணி நேரம் ஓடும்!

1976 பிப்ரவரியில் கிறுக்கனுக்குக் கல்யாணம், கல்யாணத்திலும் கச்சேரிதான். அடுத்த மாதமே கூண்டோடு கைது. பொது அமைதியைக் குலைத்தார்களாம், பாட்டில் கெட்ட வார்த்தையாம். யிரௌஸுக்கு 18 மாதம், சாக்ஸபோன்காரர் ப்ரபெனெட்ஸுக்கு 8 மாதம் சிறை.

வழக்கைப் பார்க்க வந்தவர்களில் நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெலும் ஒருவர். அதுவரை கோட்டுப் போட்ட அறிவுஜீவிகள் ஒரு பக்கம், சடைமுடிக்காரர்கள் ஒரு பக்கம். இரு தரப்பையும் ஒரே கோர்ட் வராந்தாவில் நிற்கவைத்த புண்ணியம் அரசுக்கே. அந்தச் சேர்க்கையிலிருந்துதான் 1977 ஜனவரியில் மனித உரிமை கேட்டு 'சாசனம் 77' என்ற அறிக்கை வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து, 1989 டிசம்பரில் ஹாவெல் நாட்டின் அதிபரானார். மறு மாதமே ஜாப்பாவை வரவழைத்து, வர்த்தகத்துக்கும் கலாச்சாரத்துக்கும் நாட்டின் பிரதிநிதியாக்கப் பார்த்தார். வாஷிங்டன் முகம் சுளித்தது. 1998இல் வெள்ளை மாளிகையில் ஹாவெலுக்கு விருந்து. வார்ஹோல் வளர்த்த அந்தக் குழுவின் பாடகர் லூ ரீடோடு அங்கே வாசித்தவர் அதே ஹ்லாவ்ஸா.

இந்தக் குழுவுக்கு வாய்த்த மேனேஜர்களில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால், என் ஓட்டு யிரௌஸுக்கு இல்லை. செக்கோஸ்லோவாகிய போலீசுக்குத்தான்.